கைரேகை ராஜ்யம்

மனிதனுடைய கையிலுள்ள ரேகையைப் பார்த்து அவனுடைய தலையெழுத்தைச் சொல்லிவிடலாமென்று சொல்லி, அதனால் வயிறு வளர்க்கும் கூட்டம் ஒன்று நமது நாட்டில் வெகு காலமாக இருந்து வருகின்றது. ரேகைக்கும் சோற்றுக்கும் யாதொரு சம்பந்தமும் கிடையாது என்று நாமும் மேடைக்கு மேடை சொல்லித்தான் வந்திருக்கின்றோம். இப்போது பார்த்தால் நாம் சொன்னது பொய்யாய்விட்டது போலவும், ஜோசியன் சொன்னதே மெய்யாய்விட்டது போலவும் காணப்படுகின்றது! ஏனென்றால் ரேஷன் கடையில் ரேகை சரியாயிருந்தால் அரிசி உண்டு, ரேகை சரியில்லாவிட்டால் அரிசி இல்லை. ஜோசியன் சொல்லுவது பலித்தாலும் பலிக்கும், பலிக்காவிட்டாலும் போகும். இந்த யந்திரம் சொல்லுவதோ சொன்ன அந்த நிமிஷத்திலேயே பலித்து விடுகின்றது.

இதனால் நாம் இரண்டையும் ஒன்றென்று சொல்லுவதாக யாரும் நினைத்துவிட வேண்டாம். கைரேகை ஜோசியம் பித்தலாட்டம். விரல்ரேகை சாஸ்திரமோ பரீட்சித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம். தாய் வயிற்றில் இருக்கும்போதே உண்டாகும் ரேகை சாகும் வரையில் அமைப்பு மாறுவதில்லை. இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ஒருவர் ரேகை மற்றவருக்கு இருப்பதில்லை. ஆகவே ரேகையைக் கொண்டு ஆளைக் கண்டுபிடிக்கலாம் என்பதில் நமக்கு ஆட்சேபணையில்லை. நமது ஆட்சேபணையெல்லாம், யந்திரம் "நீ அவளல்ல" என்று சொல்லிவிட்டால் அதை வேதவாக்காகக் கொண்டு, எதிரே நிற்கும் மனுஷியைப் பொய்யென்று தள்ளிவிடுகின்றார்களே, அந்தப் புத்தியைப் பற்றித்தான்.

சென்ற மழைக்காலத்தில் நமது பக்கத்திலுள்ள ஒரு சிற்றூர் ரேஷன் கடையில் நாம் கண்ணால் பார்த்ததைச் சொல்லுகின்றோம். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு கிழவி. நாற்பது வருஷமாக முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைப்பவள். கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலை அரிப்பது அந்தப் பக்கத்தார் எல்லோருக்கும் தெரியும். விரல் நுனி கருத்து, வெடித்து, பிறகு வழவழவென்று ஆகிவிட்டது. "ஆயா, வேற வெரலு வையி" என்கிறான் கடைப்பையன். வைத்தாள். "இன்னொண்ணு வையி." அதையும் வைத்தாள். பத்து விரலும் ஆயிற்று. துணியால் துடைத்து வைத்துப் பார்த்தாள். எண்ணெய் தொட்டு வைத்துப் பார்த்தாள். நடுவில் யந்திரத்துக்குள் இருக்கும் சிம்முக்கு டவர் கிடைக்கவில்லை என்று பையன் அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டுப் பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தான். பையன் கெட்டவனல்ல. அவனுக்கு அந்தக் கிழவியைப் பிறந்தது முதல் தெரியும். அவளைப் "பெரியம்மா" என்று கூப்பிடும் பெண்கள் நாலு பேர் அங்கேயே வரிசையில் நிற்கிறார்கள். "அவங்கதான்யா அவங்க, எங்களுக்குத் தெரியாதா?" என்று சொல்லுகிறார்கள். அத்தனை பேருடைய சாட்சியும் செல்லவில்லை. மூன்றாம் நாள் அவளுடைய பேரன், கார்டில் பேர் உள்ள பன்னிரண்டு வயதுப் பையன், பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் வந்து விரலை வைத்தான். அரிசி கிடைத்தது.

இதிலே யோசிக்க வேண்டியது என்னவென்றால், யாருடைய ரேகை அழிகின்றது என்பதுதான். சுண்ணாம்பும் சிமெண்டும் குழைக்கிறவன், செங்கல் சூளையில் கல் அறுக்கிறவள், உப்பளத்தில் நிற்கிறவன், துணி வெளுக்கிறவன், தோல் பதனிடுகிறவன், பாத்திரம் துலக்குகிறவள், நாற்று நடுகிறவள் ஆகிய இவர்களுடைய ரேகைதான் தேய்கின்றது. வயதான பிறகு தோல் வறண்டு இன்னும் மோசமாகின்றது. ஒரு வேலையும் செய்யாமல் மணியாட்டியும், வட்டி எண்ணியும், கையெழுத்துப் போட்டும் காலங்கழிக்கிறவர்களுடைய விரலோ வெண்ணெய்போல் இருக்கின்றது. யந்திரம் அதைக் கண்டவுடன் "வாருங்கள்" என்கிறது. பாடுபடாதவன் உயர்ந்தவன், பாடுபடுகிறவன் தாழ்ந்தவன் என்று ஏட்டில் எழுதி வைத்தவர்கள் போய், இப்பொழுது ஒன்றும் எழுதாமலே அந்தக் காரியத்தைச் செய்யும் ஒரு கண்ணாடித் துண்டு வந்திருக்கின்றது. அதைச் செய்தவர்கள் வேண்டுமென்று அப்படிச் செய்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. உழைக்கிறவன் விரலை மனதில் வைத்துக்கொண்டு அதைச் செய்யவில்லை என்று மாத்திரம் சொல்லுவோம்.

இது நமது கற்பனையல்ல. இந்திய சர்க்காரே 2016-17-ஆம் வருஷத்துப் பொருளாதார ஆய்வறிக்கையில், இந்த ரேகைப் பரீட்சை தவறிப் போகும் கணக்கு ஜார்க்கண்டில் நூற்றுக்கு 49 வரையிலும், ராஜஸ்தானில் 37 வரையிலும் இருப்பதாக மதிப்பிடப்பட்டிருப்பதை எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். குஜராத்தில் 6, ஆந்திராவில் கிருஷ்ணா ஜில்லாவில் 5. ஆதார் அதிகாரிகளே 2018-இல் சுப்ரீம் கோர்ட்டில், சர்க்கார் காரியங்களில் நூற்றுக்கு 12 தடவை பரீட்சை தவறுகின்றது என்று ஒப்புக்கொண்டார்கள். பாங்கிகளில் 5, டெலிபோன் கம்பெனிகளில் 3 என்றும் சொன்னார்கள். இந்த வித்தியாசத்தைக் கவனித்தீர்களா? செல்போன் வாங்கப் போகிறவனைவிட அரிசி வாங்கப் போகிறவனை யந்திரம் நாலு மடங்கு அதிகமாகத் தள்ளுகின்றது.

நிற்க, இந்த ரேகை பிடிக்கும் வழக்கம் எங்கிருந்து வந்ததென்று கொஞ்சம் பார்ப்போம். சீமையிலிருந்து வந்த சரக்கென்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. 1858-இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்கிற வெள்ளைக்கார உத்தியோகஸ்தர், ராஜ்யதர் கோனாய் என்கிற கண்டிராக்டரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கும்போது, பின்னால் அவர் "இது என் கையெழுத்தல்ல" என்று சொல்லிவிடாதபடி அவருடைய கை முழுவதையும் மையில் தோய்த்து அந்தக் காகிதத்தின் பின்புறம் பதியவைத்துக்கொண்டார். பிறகு 1897-இல் கல்கத்தாவில் விரல்ரேகைக் காரியாலயம் ஏற்பட்டது. ரேகைகளை வகைப்படுத்திப் பீரோவில் அடுக்கி, வேண்டும்போது எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து வேலை செய்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள். பேரோ அவர்களுடைய மேலதிகாரி எட்வர்டு ஹென்றிக்கு! இன்றைக்கும் அது ஹென்றி முறை என்றுதான் வழங்குகின்றது. 1901-இல் அது லண்டன் போலீஸுக்குப் போயிற்று. பாடு ஒருவருக்கும் பேர் ஒருவருக்குமாய்ப் போவது புதிதல்லவே.

ஆனால் நம்மவர்கள் ரேகை என்றால் ஏன் இன்னும் கூசுகிறார்கள் என்பதற்குக் காரணம் வங்காளத்தில் இல்லை, மதுரை ஜில்லாவிலேயே இருக்கின்றது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்பதாக 1871-இல் ஒரு சட்டம் செய்து, 1911-இல் அதை இன்னும் விரித்து, ஒரு ஜாதியில் பிறந்ததே குற்றம் என்று வைத்து, திருடினவன், திருடாதவன் எல்லோரையும் பிடித்து ரேகை எடுத்தார்கள். பிரமலைக் கள்ளர் வகுப்பார் உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் ரேகை கொடுக்கமாட்டோம் என்று நின்றார்கள். 1920-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ந் தேதி துப்பாக்கிப் பிரயோகம் நடந்து பதினாறு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அதில் ஒருவர் பெண். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அந்தச் சட்டம் தொலைந்தது. அவர்கள் ரேகை சாஸ்திரம் பொய்யென்று சொல்லிச் சாகவில்லை. "நான் ஒன்றும் செய்யாதிருக்கும்போதே என்னைச் சந்தேகிக்க நீ யார்?" என்று கேட்டுச் செத்தார்கள். அந்தக் கேள்வியை இன்றைக்குக் கேட்டாலும் குற்றமில்லை.

இனி செல்போன் சங்கதிக்கு வருவோம். காற்றில் போகும் பேச்சை யாருடையதென்று கம்பெனி எப்படிக் கண்டுபிடிக்கின்றது என்பது நம்மில் அநேகருக்குத் தெரியாது. சிம் என்கிற அந்தச் சின்னத் தகட்டுக்குள் ஒரு ரகசிய எண் இருக்கின்றது. அதே எண் கம்பெனியின் காரியாலயத்திலும் இருக்கின்றது. டவர் வழியாகக் காரியாலயம் ஏதோ ஒரு எண்ணை அனுப்பி, "இதற்குக் கணக்குப் போட்டுச் சொல்" என்று கேட்கும். தகடு அந்த எண்ணையும் தன் ரகசிய எண்ணையும் சேர்த்துக் கணக்குப் போட்டு விடையை மாத்திரம் அனுப்பும். காரியாலயமும் அதே கணக்கைப் போட்டு, இரண்டு விடையும் ஒன்றானால் கதவைத் திறக்கும். கேள்வி தடவைக்குத் தடவை மாறுமானதால், நடுவில் ஒட்டுக்கேட்கிறவனுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ரகசிய எண் காற்றில் ஏறுவதே இல்லை. ஆரம்பத்தில் ஒரு குறை இருந்தது. டவர் போனைச் சோதிக்குமே தவிர, போன் டவரைப் பார்த்து "நீ உண்மையான டவர்தானா?" என்று கேட்காது, ஆதலால் பொய் டவர் வைத்து ஏமாற்றக்கூடியதாயிருந்தது. மூன்றாந் தலைமுறை வந்தபோது இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் சோதிக்கும்படி செய்தார்கள். சோதிக்கிறவனையும் சோதிக்க வேண்டும் என்கிற இந்த நியாயம் இரும்பு டவருக்குக் கிடைத்துவிட்டது. ரேஷன் கடையில் நிற்கும் மனிதனுக்குத்தான் இன்னும் கிடைக்கவில்லை.

இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டிலும் ஒன்று பாக்கி. தகடு தன்னை நிரூபிக்குமே ஒழிய, தகட்டை வைத்திருப்பவன் யாரென்று அதற்குத் தெரியாது. திருடன் கையில் போனாலும் அது விசுவாசமாய் வேலை செய்யும். அதனால்தான் விரலை வை, முகத்தைக் காட்டு, கண்ணைத் திற என்று உடம்பையே சாவியாக்கினார்கள். 2013-இல் ஆப்பிள் கம்பெனியார் ஐபோனில் விரல் வைத்துத் திறக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். 2017-இல் முகத்தைப் பார்த்துத் திறப்பது வந்தது.

உடம்பைச் சாவியாக்குவதில் உள்ள சங்கடம் சாதாரணமானதல்ல. ரகசியச் சொல் வெளிப்பட்டுவிட்டால் மாற்றிக்கொள்ளலாம். விரலை எப்படி மாற்றுவது? பத்துத்தானே இருக்கின்றது! அன்றியும் அது ரகசியமே அல்ல. காப்பிக் கடை டம்ளரிலும், பஸ் கம்பியிலும், கதவிலும் அதைப் பதித்துக்கொண்டே நடக்கின்றோம். 2002-இல் ஜப்பானில் மட்சுமோட்டோ என்கிற பேராசிரியர், தின்பண்டத்தில் போடுகிற ஜெலட்டின் பசையில் விரல் செய்து வைத்து யந்திரங்களை ஏமாற்றிக் காட்டினார். 2013-இல் ஐபோன் கடைக்கு வந்த சில நாளிலேயே ஜர்மனியில் ஒரு சங்கத்தார் கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படம்பிடித்து, அதைக்கொண்டு போலி ரேகை செய்து திறந்துவிட்டார்கள். 2014-இல் அதே சங்கத்தைச் சேர்ந்தவர் அந்நாட்டு யுத்த மந்திரியம்மாளின் கட்டைவிரல் ரேகையை வெறும் போட்டோப் படங்களிலிருந்தே எடுத்ததாகக் காட்டினார். அமெரிக்கா சர்க்காரிடத்திலிருந்தே 2015-இல் 56 லட்சம் பேருடைய விரல்ரேகைகள் திருட்டுப் போனதாக வெளியாயிற்று. அந்த 56 லட்சம் பேரும் இனி ஆயுள் வரையில் என்ன செய்வார்கள்?

அவ்வளவு தூரம் போவானேன்? 2018-இல் தெலிங்கானாவில் சிம் விற்கும் ஒருவன், பத்திரப் பதிவு இலாகாவில் நிலக்கிரயப் பத்திரங்களில் ஜனங்கள் வைத்த கைநாட்டுகளை எடுத்து, ரப்பரில் விரல் செய்து, ஆயிரக்கணக்கான சிம்களை அவர்கள் பேரால் உயிர்ப்பித்தான். எழுதப் படிக்கத் தெரியாதவனைக் கைநாட்டு என்று சொல்லிக் கேலி செய்தார்கள். அவன் வைத்த கைநாட்டையே பிறகு திருடினார்கள். அந்தச் சிம்மைக் கொண்டு யாராவது குற்றம் செய்திருந்தால், போலீஸ் வந்து நிற்பது யார் வீட்டு வாசலில்? "நான் வைக்கவில்லை" என்று அந்தக் குடியானவன் எப்படி ருசுப்படுத்துவான்? "உன் ரேகை இருக்கின்றதே" என்பார்கள்.

இதைச் சொன்னவுடன் சில பெரியவர்கள், "அப்படியானால் யந்திரத்தைக் கடுமையாக்கி விடலாமே" என்பார்கள். அதிலேயும் ஒரு சூட்சுமம் இருக்கின்றது. ரேகை பார்க்கும் யந்திரம் பூட்டுச் சாவிபோல் பொருந்திற்று, பொருந்தவில்லை என்று பார்ப்பதல்ல. எவ்வளவு ஒத்திருக்கின்றது என்று மதிப்பெண் போடுவது. இத்தனைக்கு மேல் இருந்தால் ஆள் சரி என்று ஒரு கோடு கிழித்து வைத்திருப்பார்கள். கோட்டைக் கீழே இறக்கினால் வேற்றாள் உள்ளே நுழைவான். மேலே ஏற்றினால் உரியவள் வெளியே நிற்பாள். இரண்டும் ஒருசேரக் குறையும்படி கோட்டை வைக்க எவராலும் முடியாது. நல்ல யந்திரம் வந்தால் இரண்டும் கொஞ்சம் குறையலாம். அழிந்த ரேகைக்கு அதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் முப்பத்தைந்து வாங்கினால் தேறினவன் என்று வாத்தியார்கள் வைத்ததுபோல, இந்தக் கோட்டையும் யாரோ ஒரு மனிதன்தான் வைத்தான். அவன் யார், எங்கே வைத்தான் என்று கடை வாசலில் நிற்கிறவளுக்குச் சொல்லுவாரில்லை.

"ரேகை வைத்த பிறகு போலிக் கார்டு ஒழிந்ததே, திருட்டுக் குறைந்ததே?" என்று ஒரு வாதம் இருக்கின்றது. ஒருவன் பேரில் இன்னொருவன் வாங்கும் திருட்டு குறையும் என்பது மெய்தான். ஆனால் ரேஷன் கடைத் திருட்டெல்லாம் அதுதானா? இருபது கிலோ என்று பதிந்துவிட்டுப் பதினெட்டு அளப்பதை விரல் என்ன கண்டது? தராசுக்கு ரேகை பார்க்கத் தெரியுமா? ஜார்க்கண்டில் இதையே பரீட்சை வைத்துப் பார்த்து 2020-இல் வெளியிட்ட பொருளாதார ஆராய்ச்சியாளர்கள், ரேகை முறையைக் கொண்டு வந்ததனால் மாத்திரம் கசிவு குறைந்ததாகக் காணவில்லை என்றும், ஆதாரைக் கார்டோடு சேர்க்காமலிருந்த குடும்பங்களே அதிகம் இழந்தன என்றும் கண்டார்கள். பிற்பாடு கடை இருப்பைக் கணக்குப் பார்த்து அரிசியைக் குறைத்து அனுப்பியபோது கசிவு குறைந்தது. கூடவே உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததும் குறைந்தது.

செல்போனும் ஆதாரும் சேர்ந்த கதையும் ஒன்று உண்டு. 2017 மார்ச்சில் டெலிபோன் இலாகாவார், போன் வைத்திருப்பவர் எல்லோரும் ஆதார் ரேகை வைத்துத் தங்களை மறுபடி ருசுப்படுத்த வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். கோடிக்கணக்கான ஜனங்கள் "நம்பர் போய்விடும்" என்று பயந்து, வரிசையில் நின்று கடைகளில் விரல் வைத்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் ஒன்பது ஜட்ஜுகள் கூடி, அந்தரங்கம் என்பது குடிமகனுடைய அடிப்படை உரிமை என்றார்கள். 2018 செப்டம்பர் 26-ந் தேதித் தீர்ப்பில், சிம்முக்கு ஆதாரைக் கட்டாயப்படுத்தியது செல்லாது என்றும், சர்க்கார் மானியங்களுக்குக் கேட்பது செல்லும் என்றும் நாலு ஜட்ஜுகள் சொன்னார்கள்; ஒருவர் மாத்திரம் ஆதார்ச் சட்டமே செல்லாது என்றார். 2019-இல் சட்டத்தைத் திருத்தி, இஷ்டப்பட்டவர்கள் கொடுக்கலாம் என்று வைத்தார்கள். ஆக, போன் வாங்குகிறவனுக்கு இஷ்டம், அரிசி வாங்குகிறவனுக்குக் கட்டாயம் என்பதே முடிவாயிற்று. இஷ்டம் என்பது பசியில்லாதவனுக்குத்தான் போலும்.

நமது அபிப்பிராயம் என்னவென்று கேட்டால், ரேகையை எங்கே ஒத்துப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்தது என்போம். ஒருவன் தன் காசில் வாங்கிய போனில் விரல் வைக்கிறான். நல்ல போன்களில் அந்த ரேகையின் குறிப்பு போனுக்குள்ளேயே ஒரு தனிப் பெட்டியில் கிடக்கின்றது. வெளியே காற்றில் போவதில்லை. விரல் சரியென்றால் போன் தன் ரகசிய எண்ணைக் கொண்டு கம்பெனிக்குப் பதில் சொல்லிக்கொள்ளும். அவனுக்குப் பிடிக்காவிட்டால் விரலை எடுத்துவிட்டு எண்ணை அழுத்தித் திறக்கலாம். அது அவன் வீட்டுப் பூட்டு. அதைப்பற்றி நமக்குப் பேச்சில்லை. மற்றொன்றோ, கடையில் வைத்த விரலைக் காற்றின் வழியே எங்கோ இருக்கும் ஒரு கிடங்குக்கு அனுப்பி, அங்கிருந்து "ஆம், இல்லை" என்று உத்தரவு வாங்குவது. டவர் விழுந்தாலும் இல்லை, மின்சாரம் போனாலும் இல்லை, விரல் தேய்ந்தாலும் இல்லை. இந்த மூன்றுக்கும் யார் பொறுப்போ அவர்கள் பட்டினி கிடப்பதில்லை.

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 அக்டோபர் முதல் விரல் வைக்கும் முறை வந்தது. ரேகை விழவில்லை என்பதற்காகவோ, டவர் இல்லை என்பதற்காகவோ அரிசியை மறுக்கக் கூடாது என்று இந்திய சர்க்காரின் உணவு இலாகாவார் 2017-லேயே மாநிலங்களுக்கு உத்தரவு அனுப்பியிருக்கிறார்கள். அந்த உத்தரவு எத்தனை கடையில் தொங்குகிறது? விலைப்பட்டியல் தொங்குகிறது, விடுமுறை நாள் தொங்குகிறது. "நாளைக்கு வா" என்பதை மறுப்பு என்று யாரும் கணக்கில் எழுதுவதில்லை. ஆனால் கூலிக்காரிக்கு நாளைக்கு வருவது என்றால் ஒரு நாள் கூலி.

ஆகையால் சர்க்காரையும் அதிகாரிகளையும் நாம் கேட்பது இவ்வளவுதான். ரேகை தவறினால் அங்கேயே நோட்டில் எழுதி, வரிசையில் நிற்கும் இரண்டு பேரைச் சாட்சி வைத்துக்கொண்டு, அன்றைக்கே அரிசியை அளந்துவிட வேண்டும். அந்தக் கிழவியை அவளென்று சொல்ல அவள் தெருவாரைவிட யோக்கியமான சாட்சி வேறு எங்கிருந்து வரப்போகின்றது? ஒவ்வொரு கடையிலும் மாதம் எத்தனை பேரை யந்திரம் தள்ளிற்று, எதனால் தள்ளிற்று, அவர்களுக்குச் சாமான் எப்பொழுது கிடைத்தது என்கிற கணக்கைப் பலகையில் எழுதிப்போட வேண்டும். நமது தோழர்கள் அந்தந்த ஊரில் மாதம் ஒரு நாள் கடை வாசலில் நின்று இந்தக் கணக்கைத் தாங்களே எழுதி, தாலுகா ஆபீஸில் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கி வைத்துக்கொள்ளட்டும். பாங்கிப் பணத்துக்கு ஆதாரில் விரலைச் சேர்த்திருப்பவர்கள், தங்கள் ரேகையை வேறொருவன் உபயோகிக்காதபடி பூட்டி வைக்க ஆதார்க் காரியாலயத்தார் ஒரு வழி வைத்திருக்கிறார்கள், வேண்டும்போது திறந்துகொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபர்கள் தங்கள் தெருவிலுள்ள கிழவர் கிழவிகளுக்கு முதலில் இதைச் செய்து கொடுக்கட்டும்.